ரெண்டே செகண்டு

சலூனின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரைவர், அந்தக் கட்டம் வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். முப்பது வருடம் உட்கார்ந்தே பேருந்து ஓட்டியதற்கும் சேர்த்து வைத்து இப்போது நின்றுகொண்டுதான் பேசுவார். பஞ்சுவின் கடைசிக் குத்துச்சண்டைக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆறாவது ரவுண்டு, கடைசி ரவுண்டு. பஞ்சு முன்னணியில் இருக்கிறான். எதிராளி கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். கொட்டகை முழுக்க எழுந்து நின்று கத்துகிறது. மணியடிக்க இன்னும் துளி நேரம். அப்போது பஞ்சு இரண்டு கையையும் இறக்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று தன் மூலைக்குத் திரும்புகிறான். எதிராளியின் வலது கை வந்து அவன் இடது காதுக்குக் கீழே இறங்குகிறது.

"ரெண்டே செகண்டு!" டிரைவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் ரெண்டே செகண்டு கையைத் தூக்கி வச்சிருந்தான்னா, அடுத்த மாசம் கப்பல்ல ஏறியிருப்பான். வெளிநாட்டுக்காரனுங்களோட மோதியிருப்பான். அப்படி என்னய்யா அவசரம்?"

"கொழுப்பு" என்றார் சலூன்காரர், சீப்புகளைத் துடைத்தபடியே. "ஜெயிச்சாச்சுங்கிற கொழுப்பு. வேற என்ன?"

மணிக்காரர் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் அவருக்கு டீயில் ஏதாவது வேலை வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி ஏற்றிவைத்து, குனிந்து உள்ளே வருவார்கள். ஒரு காலத்தில் பதினான்கு பேர் வந்தார்கள். பாதிப்பேர் மேடையேறிக் குத்தியவர்கள், மீதிப்பேர் கீழே நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். குத்திய கை மட்டும் இருக்குமா? பழைய அடியை நடித்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் வீசிய கை, ஒரு முறை அலமாரியில் இருந்த பவுடர் டப்பாக்களை எல்லாம் கீழே சாய்த்துவிட்டது. கடை வெள்ளை வெளேரென்று ஆகிப்போய், அன்றைக்கு எல்லோரும் மாவு மில்லில் இருந்து வருகிறவர்கள் மாதிரி வீட்டுக்குப் போனார்கள். சலூன்காரர் அந்தக் காலத்தில் பஞ்சுவின் மூலையில் நின்றவர். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் கிழிந்த புருவத்தில் படிகாரம் வைத்து ரத்தத்தை நிறுத்துவார். இப்போது அதே படிகாரத்தைச் சவரத்தில் கீறிய தாடைகளில் தடவுகிறார். பதினான்கு பேர் ஒன்பதாகி, ஆறாகி, நாலாகி நின்றார்கள். அந்த நாலாவது ஆளான பஞ்சு இரண்டு மாதமாக வரவில்லை.

வந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கதையை அவன் எதிரிலேயேதான் சொல்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். "எண்ணிக்கை தப்பிப்போச்சுய்யா. ரெண்டு செகண்டு முந்திட்டேன்" என்பான். சிரித்து முடித்ததும் வலது காதைத் திருப்பி, அடுத்த பேச்சைக் கேட்கத் தயாராவான். இடது காது அந்த அடியோடு போய்விட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வையும் போனது. முப்பத்தொன்றாவது பந்தயம் அது. அதன் பிறகு அவன் மேடையேறவில்லை. ஒரு சிமென்ட் கிடங்கில் வாட்ச்மேனாக வாழ்நாளைக் கழித்தான்.

மணிக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது மணியடித்ததால். பகலில் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிக்கிற வேலை. நேரம் தவறாத ஆள் என்று ஊருக்கே தெரிந்ததால், குத்துச்சண்டைக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு மேடையோரத்தில் ஒரு மேசையும், கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்சும், பித்தளை மணியும், ஒரு மரக்கட்டையும் கொடுத்தது. ரவுண்டு மூன்று நிமிடம். முடியப் பத்து விநாடி இருக்கும்போது கட்டையால் மேசையில் மூன்று தட்டு. மூன்று நிமிடம் ஆனதும் மணி. நானூறு பந்தயங்களுக்கு மேல் அப்படி மேடையோரத்திலேயே இருந்தார். ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. இது சலூனில் யாருக்கும் தெரியாது. கண்ணை வாட்சிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. பந்தயம் அவருக்குக் காதால் கேட்பதுதான். வயிற்றில் விழும் அடி ஒரு மாதிரி கேட்கும், முகத்தில் விழும் அடி வேறு மாதிரி. "பக்கத்துலயே இருந்து பாத்தவன் நீ, சொல்லு மணி" என்று டிரைவர் சாட்சிக்கு இழுக்கும்போது, "ஆமா, சரியான அடி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

பஞ்சுவின் கால் சத்தம் மட்டும் அவருக்கு மேடையில் கேட்கவே கேட்காது. அதனால்தான் அந்தப் பெயர். பஞ்சுவுக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் போல ஒன்று இருந்தது. மூன்று தட்டு கேட்டதும் பஞ்சு மனசுக்குள் பத்து எண்ணுவான். அவன் பத்து என்று முடிப்பதும் மணி அடிப்பதும் ஒன்றாக இருக்கும். முப்பது பந்தயத்தில் ஒரு தடவைகூட அது பிசகவில்லை. "நீயும் நானும் ஒரே கடிகாரம்டா" என்று அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பான். அந்த வயதில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்துவிட முடியாது.

முப்பத்தொன்றாவது பந்தயத்தில், ஆறாவது ரவுண்டில், மூன்று தட்டுத் தட்டினார். தட்டிய கையோடு கொட்டகை இரைந்தது. அப்படி ஓர் இரைச்சலை அவர் அதுவரை கேட்டதில்லை. பஞ்சு ஏதோ செய்கிறான், ஊரே பார்க்கிறது, நான் மட்டும் பார்க்கவில்லை என்று நினைத்தார். ஒரே ஒரு பார்வைதானே என்று நிமிர்ந்தார். பஞ்சு எதிராளியைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கால் தரையில் பட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஒரு கை போவதும் மறு கை வருவதும் ஒரே அசைவாக இருந்தது. ஆறு வருடமாக இவனுக்கு மணியடித்துவிட்டு இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு அழுகைகூட வந்தது. அப்புறம் பஞ்சு நின்றான், கையை இறக்கினான், மணி மேசையைப் பார்த்துத் திரும்பினான். அவரைத்தான் பார்த்தான். தன் கையில் வாட்ச் இருப்பது அவருக்கு அந்த அடி விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மூன்று நிமிடம் நாலு விநாடி.

விழுந்தவனுக்கு ஒன்று, இரண்டு என்று கட்டையால் தட்டி நடுவருக்கு எண்ணிக்கை கொடுப்பதும் டைம் கீப்பர் வேலைதான். பத்து வரைக்கும் தட்டினார். பிறகு முடிவுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று எழுத வேண்டும். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி என்று எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆறு விநாடியை மறைக்க முடிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்று போனார், அங்கே பஞ்சுவின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்றிருந்தார், அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டியைக் கண்டு அவருக்குப் பயமில்லை, போனால் மணி போகும், அவ்வளவுதான். பஞ்சுவின் முகத்தைக் கண்டுதான் பயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நாற்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

"இங்கயே உக்காந்து பேசிக்கிட்டு இருந்தா எப்படி? போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்" என்று சலூன்காரர் துண்டை உதறினார். மூவரும் கிளம்பினார்கள்.

பஞ்சுவின் வீடு இரண்டாவது மாடியில். அவன் மனைவி கதவைத் திறந்தாள். பஞ்சு ஜன்னலோர நாற்காலியில், சுவர்க்கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். உடம்பு வற்றியிருந்தாலும் தோள் அப்படியே இருந்தது. டிரைவரைப் பார்த்ததும் சிரித்தான், மணிக்காரரைப் பார்த்து "வாடா" என்றான். சலூன்காரரைப் பார்த்து, "இவரு யாரு, புது ஆளா?" என்று கேட்டான். சலூன்காரர் அவன் புருவத்தில் இருந்த பழைய தழும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றில் இரண்டு அவர் மூடியவை.

பேச்சு தடுமாறியது. நல்லது செய்வதாக நினைத்து டிரைவர் பழைய கதையை எடுத்தார். ஆறாவது ரவுண்டு வந்தது. எழுந்து நின்றார். "ரெண்டே செகண்டு" என்றதும் பஞ்சுவின் முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டா? ரெண்டு முந்தியா?" என்றான். "நான் நல்லாத்தானே எண்ணினேன்?" உடனே கடிகாரத்தைப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தான். வந்தவர்கள் மூவரும் அவனுக்கு இல்லாமல் போனார்கள்.

அவன் மனைவி மணிக்காரரைக் கண்ணால் கூப்பிட்டாள். சமையலறை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "விடிஞ்சு எழுந்தா இதே வேலைதாண்ணே. பேத்தி பேரு மறந்துபோச்சு. சாப்பிட்டது மறந்துபோச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது. பத்து எண்ணுவாரு, கடிகாரத்தைப் பாப்பாரு. சரியாத்தான் இருக்கும். நானே வச்சுப் பாத்துட்டேன், ஒரு நூல் பிசகாது. ஆனா நம்ப மாட்டாரு. கடிகாரம் தப்புன்னு சொல்லி மூணு மாத்தியாச்சு. சரியாத்தான் எண்ணுறீங்கன்னு சொன்னா, 'அப்ப ஏன் மணி அடிக்கல?'ன்னு என்னையே கேக்குறாரு. நான் எங்கண்ணே போவேன் பதிலுக்கு?"

மணிக்காரருக்குப் பதில் தெரியும். உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லாமல் படியிறங்கினார்.

இரண்டு நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தார். சொன்னால் பஞ்சு போய்விடுவான், சலூன் போய்விடும், மிச்சம் இருக்கிற இரண்டு மனிதர்களும் போய்விடுவார்கள். மனைவி போன பிறகு அவருக்கு வாரத்தில் இருந்த ஒரே நாள் செவ்வாய்க்கிழமைதான். சொல்லாவிட்டால் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கியே சாவான். வியாழக்கிழமை பத்து மணிக்குத் தனியாகப் போய், நாற்காலியைக் கடிகாரத்தை மறைத்துப் போட்டுக்கொண்டு, அவன் வலது காதுப்பக்கம் குனிந்து உட்கார்ந்தார்.

"பஞ்சு, நீ எண்ணினது தப்பில்லடா. நான்தான் மணி அடிக்கல."

"என்ன?"

"மூணு தட்டினேன். அப்புறம் தலையைத் தூக்கி உன்னப் பாத்தேன். பாத்துட்டே இருந்துட்டேன். வாட்சைப் பாக்க மறந்துட்டேன். நீ பத்துலதான் கையை இறக்கின. மணிதான் வரல. மூணு நிமிஷம் நாலு செகண்டு ஆயிருச்சு. நான் மாத்தி எழுதிட்டேன்."

பஞ்சு அவரைப் பார்த்தான். பார்வை இருந்த கண், பாதி இருந்த கண், இரண்டாலும் பார்த்தான்.

"அப்ப நான் எண்ணினது சரி?"

"சரி."

"பத்துலதான் இறக்கினேன்?"

"பத்துலதாண்டா."

"ஏய், இங்க வா!" பஞ்சு கத்தினான். மனைவியைக் கூப்பிட்டான். "சரியாத்தான் எண்ணியிருக்கேன்டி! மணியே சொல்றான் பாரு! ஒரு செகண்டுகூடத் தப்பல!" மணிக்காரரின் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான். அவர் செய்த துரோகம் அவன் காதில் விழவே இல்லை போலிருந்தது. கணக்கு சரி என்பது மட்டும்தான் விழுந்தது. மணிக்காரர் அந்த நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். பஞ்சுவோ சிரித்துக்கொண்டே இருந்தான்.

அவள் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர் கிளம்பியபோது படிக்கட்டு வரை கூடவே வந்தாள்.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து எங்களுக்குள்ள என்ன சண்டை வந்தாலும் கடைசியில நான் ஒண்ணைத்தாண்ணே சொல்லுவேன்" என்றாள். "'கையை இறக்கிட்டு நின்ன மனுஷன்தானே நீங்க'ம்பேன். அதோட வாயை மூடிக்குவாரு. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள நான் என்ன சொல்றது? என்னையே என்ன சொல்றதுன்னு தெரியல." அவர் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அடுத்த செவ்வாய்க்கிழமை சலூனிலும் சொல்லிவிட்டார். டிரைவர் அன்றைக்கு எழுந்து நிற்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி, "எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன் இந்தக் கதைய" என்றார். "அவன் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேனேய்யா. நீ பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்க." டம்ளரை வைத்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அன்று மாலையே மணிக்காரர் பஞ்சு வீட்டுக்குப் போனார். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று இருந்தது, அதை மறைப்பானேன். பஞ்சு நாற்காலியில் இருந்தான். விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. "வாடா மணி" என்றான். "நீ ஒருத்தன்தான் சொல்ல முடியும். நான் ரெண்டு செகண்டு முந்திட்டேனா?"

வியாழக்கிழமை சொன்னதில் ஒரு சொல்கூட அவனிடம் தங்கவில்லை. மணிக்காரர் மறுபடி உட்கார்ந்தார். மறுபடி சொன்னார். இந்த முறை பஞ்சு, "அப்ப நான் எண்ணினது சரி?" என்று கேட்கவில்லை. "நீயா?" என்று கேட்டான். அப்புறம் அவன் இடது கை வந்தது. அறுபத்தெட்டு வயதுக் கைதான். ஆனால் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. "தோள்ல கை போட்டேனேடா உன் மேல" என்று பஞ்சு கத்தினான். "போ வெளிய!"

மணிக்காரரின் கன்ன எலும்பின் மேல் கிழிந்திருந்த இடத்தில் சலூன்காரர் படிகாரத்தை வைத்து அழுத்தினார். பழைய பழக்கம், ஒரு நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது."

"வர்றது தெரிஞ்சுச்சா?"

"தெரியல."

"அப்ப இன்னும் இருக்கு அவருகிட்ட." சலூன்காரர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே சொன்னார்: "இனிமே போகாதீங்கண்ணே. சொல்லியாச்சு, அவருக்கு மறந்தும் போச்சு. உங்க பாரம் இறங்கிருச்சுல்ல?"

"எனக்கு இறங்கிருச்சு" என்றார் மணிக்காரர். "அவனுக்கு இறங்கலையே."

அடுத்த வியாழக்கிழமை கதவைத் திறந்த பஞ்சுவின் மனைவி, முதலில் அவர் கன்னத்தைப் பார்த்தாள். வாசலை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து "ஏழு... எட்டு..." என்று குரல் கேட்டது. அவள் பத்து வரைக்கும் காத்திருந்தாள்.

"இன்னைக்கும் சொல்லப் போறீங்களா?"

"வேண்டாம்னு சொல்லும்மா, இப்படியே திரும்பிடறேன்."

"மொத நாள் நீங்க சொல்லிட்டுப் போனப்புறம் சாயந்திரம் வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தாரு" என்றாள் அவள். "எங்கிட்ட எத்தன வாட்டி சொன்னாருங்கிறீங்க, 'சரியாத்தான் எண்ணியிருக்கேன், சரியாத்தான் எண்ணியிருக்கேன்'னு. அப்படி ஒரு சாயந்திரத்த நான் இந்த வீட்டுல பாத்ததில்ல. போன தடவ நீங்க போனப்புறம் ராத்திரி பூரா அழுதாரு. இன்னைக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"தெரியாதும்மா."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பஞ்சு திரும்பிப் பார்த்து, "வாடா மணி" என்றான். முகம் மலர்ந்திருந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "யாருடா அடிச்சது? நல்ல இடமாப் பாத்துத்தான் போட்டிருக்கான்" என்று சிரித்தான். மணிக்காரரும் சிரித்தார். அப்புறம் பஞ்சுவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் என்ன கேட்கப் போகிறான் என்று அறையில் இருந்த மூன்று பேரில் இருவருக்குத் தெரிந்திருந்தது.

"மணி, நீ ஒருத்தன்தான் சொல்ல முடியும்..."

எப்போதும் சமையலறைக்குப் போய்விடுகிறவள் அன்று போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துவந்து கணவனின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, மடங்கியிருந்த விரல்களின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டாள். எலும்பு புடைத்த அந்தப் பெரிய கைகள் அவள் பிடிக்குள் அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றாள்.